நயாசின் என்னும் உயிர்ச்சத்து: உடல் அதனைப் பெறுவதும், செலவிடுவதும், சேமிப்பதும்

குடும்பம் நடத்துவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் சரக்குகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. சோளத்தையும் கம்பையும் குதிரில் இட்டு ஓராண்டு வரையில் வைத்துக் காக்கலாம். பாலை அவ்வாறு வைக்க இயலாது. அன்றன்று கறந்து அன்றன்றே தீர்க்க வேண்டும். நமது உடலும் சத்துக்களை இவ்விரு வகையாகவே நடத்துகிறது. ‘ஏ’ உயிர்ச்சத்தை ஈரலில் பல மாதங்களுக்குச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ‘பி’ தொகுதியைச் சேர்ந்த நயாசினையோ கறந்த பாலைப் போலவே கையாளுகிறது. இந்த மாதப் பாடத்தில் நயாசினைப் பற்றி ஆராய்வோம். சோளம் விளைத்துச் சோளம் உண்டு வளர்ந்த கொங்கு நாட்டாராகிய நமக்கு இப்பாடம் மிக நெருங்கிய தொடர்புடையது என்பது போகப் போகப் புலப்படும்.

பெயர் வந்த வகை

நயாசினுக்கு நிக்கோடினிக் அமிலம் என்று மற்றொரு பெயர் உண்டு. அதன் மற்றொரு வடிவம் நிக்கோடினமைடு எனப்படும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ரசாயன அறிஞர்கள் புகையிலையில் உள்ள நிக்கோடின் என்னும் நஞ்சைப் பிரித்து மாற்றி இந்த அமிலத்தை உண்டாக்கினர். அதனால் அப்பெயர் வந்தது. பின்னர் இது உணவுச்சத்து என்று தெரிந்தபொழுது, புகையிலையிலும் சத்து இருப்பதாக மக்கள் மயங்கிவிடக் கூடாதே என்ற எண்ணத்தினால் ‘நயாசின்’ என்னும் புதுப்பெயரை வழங்கினர். புகையிலை விளையும் நம் பகுதிகளில் இதனை அழுத்திக் கூறுவது நலம். புகையிலையை மெல்லுவதாலோ புகைப்பதாலோ நயாசின் கிடைப்பதில்லை. கேடு ஒன்றே கிடைக்கும்.

உடல் பெறும் வழிகள் இரண்டு

நயாசினை உடல் இரண்டு வழிகளில் பெறுகிறது. ஒன்று, உணவில் உள்ள நயாசினை நேராக ஏற்றுக்கொள்வது. நிலக்கடலை, இறைச்சி, மீன், ஈரல், தவிடு நீங்காத தானியங்கள், பயறு வகைகள் ஆகியவற்றில் இது உண்டு. இரைப்பையிலும் சிறுகுடலிலும் இது இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

மற்றொன்று, உடல் தானே செய்துகொள்வது. புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் கோத்த சரம். அவற்றுள் டிரிப்டோபன் என்பது ஒன்று. பெரும்பாலும் ஈரலில் வைத்து இந்த டிரிப்டோபனைப் படிப்படியாக மாற்றி, நயாசின் செய்யும் வேலைக்கு உரிய பொருளை உடல் ஆக்கிக்கொள்கிறது. கணக்குக்காக, 60 மில்லிகிராம் டிரிப்டோபன் 1 மில்லிகிராம் நயாசினுக்குச் சமம் என்று அறிஞர் வகுத்துள்ளனர். ஒரு கோழிமுட்டையில் நேரான நயாசின் மிகச் சொற்பம். ஆயினும் அதில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் டிரிப்டோபன் இருப்பதால் 1 மில்லிகிராமுக்குச் சற்று மேலான நயாசினை அது ஈட்டித் தருகிறது. பாலின் நிலையும் இதுவே.

இந்த மாற்று வேலை தடையின்றி நடைபெற வேறு துணைகளும் வேண்டும். ‘பி2’, ‘பி6’ ஆகிய உயிர்ச்சத்துக்களும் இரும்புச்சத்தும் உடனிருக்க வேண்டும். பாவு இருந்தும் ஊடை இல்லையேல் துணி இல்லை. அதுபோல், டிரிப்டோபன் இருந்தும் இத்துணைச் சத்துக்கள் இல்லையேல் போதிய நயாசின் உண்டாகாது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மில்லிகிராமும் பெண்ணுக்குச் சுமார் 14 மில்லிகிராமும், இவ்விரு வழிகளும் சேர்ந்து கிடைத்தால் பொதுவாகப் போதும்.

உடலில் அது செய்யும் வேலை

நெசவாளர் அன்பர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. தறியில் நாடா என்ன செய்கிறது? தாரில் உள்ள ஊடை நூலைச் சுமந்து, பாவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடுகிறது. மீண்டும் திரும்புகிறது. தார் தீர்ந்தால் வேறு தார் இட்டுக்கொண்டு அதே நாடா ஓடுகிறது.

நமது உடலின் ஒவ்வோர் அணுவறையிலும் நயாசின் இத்தகைய நாடாக்களாக உருவெடுக்கிறது. அவற்றை விஞ்ஞானிகள் ‘என்.ஏ.டி.’ என்றும் ‘என்.ஏ.டி.பி.’ என்றும் குறிப்பர். நாம் உண்ட சோறும் பருப்பும் எண்ணெயும் அணுவறைக்குள் உடைபடும்பொழுது வெளிப்படும் ஹைட்ரஜனை என்.ஏ.டி. ஏற்றுக்கொள்கிறது. அதனைச் சுமந்து சென்று, நாம் மூச்சில் இழுத்த பிராணவாயு காத்திருக்கும் வரிசையில் ஒப்படைக்கிறது. அங்கேதான் உடலுக்கு வேண்டிய சக்தி பிறக்கிறது. சுமையை இறக்கிய என்.ஏ.டி. வெறுங்கையுடன் திரும்பி அடுத்த சுமையை ஏற்கிறது. என்.ஏ.டி.பி. என்பது கொழுப்பு முதலியவற்றைக் கட்டும் வேலைக்கு வேண்டிய சுமையைத் தூக்குகிறது. உடலில் 400க்கும் மேற்பட்ட நொதிகள் இவ்விரு நாடாக்களின் துணையை நாடியே வேலை செய்கின்றன.

ஆதலால் நயாசின் குறைந்தால் உணவு இருந்தும் பயனில்லை. பாவு நீளமாகக் கிடக்கிறது; நூலும் இருக்கிறது; நாடா இல்லை. தறி நின்றுவிடும். விரைந்து புதுப்பிக்கப்படும் தோலும், குடலின் உட்புறமும், ஓயாது சக்தியைச் செலவிடும் மூளையும் முதலில் வாடுவதன் காரணம் இதுவே.

சேமிப்புக் கணக்கு

நாடாவும் தேயும் அல்லவா? அணுவறையின் மரபுப்பொருளில் ஏற்படும் பழுதுகளைச் சரிசெய்யும் வேலையில் என்.ஏ.டி. உடைந்து செலவாகிறது. உடைந்த துண்டுகளில் நிக்கோடினமைடை உடல் வீணாக்காமல் மீண்டும் எடுத்து ஓரளவு புதிய என்.ஏ.டி.யாகக் கட்டிக்கொள்கிறது. தேவைக்கு மேற்பட்டதை ஈரல் சிறிது மாற்றி, சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது.

ஈரலில் சிறிதளவு என்.ஏ.டி. இருப்பு உண்டு. ஆனால் அதனைக் களஞ்சியம் என்று கூறுவதற்கில்லை. கைச்செலவுக்கு வைத்திருக்கும் சில்லறை என்றே கூறலாம். நயாசினும் டிரிப்டோபனும் குறைந்த உணவையே ஒருவர் தொடர்ந்து உண்டால், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குறையின் அடையாளங்கள் தோன்றத் தொடங்குகின்றன. இதிலிருந்து நாம் அறிவது யாது? நோன்பிக்கும் விருந்துக்கும் மட்டும் நன்றாக உண்டு, மற்ற நாட்களில் வெறும் தானியத்தால் வயிற்றை நிரப்புவோமாயின் உடல் ஏமாறாது. இக்கணக்கு ஆண்டுக் கணக்கு அன்று, நாட்கணக்கு.

குறை நேர்ந்தால்

நயாசின் குறைவினால் வரும் நோய்க்குப் பெல்லாக்ரா என்று பெயர். இத்தாலிய மொழியில் ‘சொரசொரப்பான தோல்’ என்பது அதன் பொருள். வெயில் படும் இடங்களாகிய புறங்கை, முன்கை, கால், முகம் ஆகியவற்றில் தோல் சிவந்து, பின் கறுத்துத் தடித்து உரியும். இரு கைகளிலும் ஒரே மாதிரியாக, எல்லை கோடிட்டது போல் தோன்றும். கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற்போலவும் படரும். நாக்குச் சிவந்து புண்ணாகும். வயிற்றுப்போக்கு உண்டாகும். உறக்கமின்மை, சோர்வு, மறதி, மனக்குழப்பம் ஆகியவை தொடரும். சிகிச்சை இன்றி விட்டால் உயிருக்கே இறுதியாகும்.

ஸ்பெயின் தேசத்து மருத்துவர் காஸ்பர் காசால் 1735-ஆம் ஆண்டிலேயே இந்நோயைக் கண்டு எழுதினார். மக்காச்சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழைகளிடம் அது காணப்பட்டது. பின்னர் இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் பகுதியிலும் அது ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. தொற்றுநோய் என்றே பலர் எண்ணினர். ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவர் அவ்வாறு அன்று, இது உணவுக் குறையே என்றார். 1915-இல் மிசிசிப்பி மாநிலத்துச் சிறைப்பண்ணை ஒன்றில், மக்காச்சோளம் மிகுந்த குறையுணவை மனமுவந்து உண்ண முன்வந்த கைதிகளுக்கு இந்நோய் தோன்றக் காட்டினார். தொற்று அன்று என்று மெய்ப்பிக்க, நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டும் காட்டினார். எந்தச் சத்து என்பதை 1937-இல் கான்ராட் எல்வெஜெம் கண்டார். அதுவே நிக்கோடினிக் அமிலம்.

அப்பொழுதும் ஒரு புதிர் எஞ்சியது. பாலில் நயாசின் மிகக் குறைவு. ஆயினும் பால் அருந்தியோர் நோய் நீங்கினர். இஃது எவ்வாறு? 1945-இல் டிரிப்டோபன் பற்றிய உண்மை வெளிப்பட்டு இப்புதிர் அவிழ்ந்தது. மக்காச்சோளத்தில் டிரிப்டோபன் குறைவு; அதிலுள்ள நயாசினின் பெரும்பகுதியோ உடலால் பிரித்தெடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோ நாட்டு மக்கள் தொன்றுதொட்டு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்து உண்கின்றனர். சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்த்துவிடுகிறது. பயிரை ஏற்றுக்கொண்ட பிற தேசத்தார் அதனைச் சமைக்கும் முறையை ஏற்கவில்லை, அதனால் துன்புற்றனர்.

சோளத்தின் வழக்கு

இனி நமது வீட்டு வாயிலுக்கு வருவோம். கோயமுத்தூரிலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆராய்ச்சிப் பிரிவு வளர்ந்து உணவுச்சத்து ஆராய்ச்சிசாலை ஆயிற்று. 1958-இல் அது ஐதராபாதுக்குச் சென்றது. இன்று தேசிய உணவூட்டக் கழகமாக விளங்குவது அதுவே. அங்குப் பணியாற்றிய மருத்துவ அறிஞர் சி. கோபாலன் 1918-இல் சேலத்தில் பிறந்தவர். 2019-இல் நூறாண்டு நிறைந்து மறைந்தவர்.

தக்காணத்து ஏழை மக்களிடையே பெல்லாக்ரா இருப்பதை அவர் கண்டார். அவர்கள் உண்டது மக்காச்சோளம் அன்று. நாம் உண்ணும் அதே சோளம். சோளத்தில் நயாசினும் டிரிப்டோபனும் அரிசியில் உள்ளதற்குக் குறைந்தவை அல்ல. அவ்வாறாயின் சோளம் உண்போருக்கு மட்டும் ஏன் இந்நோய்? சோளத்தின் புரதத்தில் லூசின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் மிகுதியாக இருப்பதைக் கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் சுட்டினர். லூசின் மிகுதி, டிரிப்டோபனும் நயாசினும் உடலுக்குப் பயன்படும் முறையைக் குலைக்கிறது என்னும் கருத்தை 1960-இல் வெளியிட்டனர். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் யாவும் இக்கருத்துக்கு ஒருமுகமாக இணங்கவில்லை. ‘பி6’ சத்துக் குறையும் ஏழ்மையும் சேர்ந்தே இந்நோயை விளைவிக்கின்றன என்போரும் உளர். ஆனால் ஒன்றில் கருத்து வேற்றுமை இல்லை: சோளத்தை மட்டுமே நம்பி, பயறும் பாலும் இறைச்சியும் காணாத ஏழைக்கே இந்நோய் வந்தது.

ஆகவே குற்றவாளி சோளம் அன்று; தனிமையே குற்றவாளி. நம் முன்னோர் மானாவாரிக் காட்டில் சோளத்தின் ஊடே தட்டைப்பயறும் அவரையும் மொச்சையும் விதைத்தனர். காட்டில் சேர்ந்து வளர்ந்தவை வட்டிலிலும் சேர்ந்தே வந்தன. சோளச் சோற்றுக்குத் தட்டைப்பயற்றுக் கடையல், களிக்குக் கொள்ளுப் பருப்பு, கம்மங்கூழுக்கு மோர். உயிர்ச்சத்தின் பெயர் அறியாமலே அவர்கள் கணக்கை நேராக்கி வைத்திருந்தனர். இன்று சிறுதானியங்களுக்கு மீண்டும் மதிப்பு வந்துள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சோளம் ஒன்றையே கொண்டுவந்து பயற்றை மறந்துவிடுவோமாயின் நாம் பாதிப் பாடத்தையே கற்றவர்கள் ஆவோம்.

நமது வீடுகளில் செய்யத்தக்கவை

முதலாவது, நிலக்கடலை. நம் காடுகளிலேயே விளைகின்ற இப்பொருளில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட நயாசின் உண்டு. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கடலை, 3 முதல் 4 மில்லிகிராம் வரை தரும். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்க. நயாசின் நீரில் கரைவது, எண்ணெயில் கரையாதது. ஆகவே கடலையைச் செக்கில் ஆட்டினால் அது எண்ணெயோடு வருவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. விளைந்த கடலை முழுவதையும் ஆட்டுக்கு அனுப்பிவிட்டு எண்ணெயை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளும் விவசாயி, நயாசினை மாட்டுக்கு ஊட்டிவிட்டார் என்பது பொருள். பிள்ளைகளுக்கென்று ஒரு மூட்டை கடலையை ஒதுக்கி வைத்தல் நன்று. நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். பூசணம் பிடித்த கடலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாவதால் அதனைத் தள்ளிவிடுக.

இரண்டாவது, அரிசி. நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டின் பக்கம் உள்ள சத்துக்கள் அரிசிக்குள் இறங்குகின்றன. ஆதலால் நன்றாகத் தீட்டிய பச்சரிசியினும் புழுங்கலரிசியில் நயாசின் கூடுதல். நயாசின் வெப்பத்துக்கு அஞ்சாது, தண்ணீருக்கு இளகும். அரிசியைப் பலமுறை கழுவுவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் ஒரு பங்கு போய்விடும். நம் ஊர் அரிசியும் பருப்பும் சேர்ந்த சோற்றில் வடிப்பதே இல்லை; தானியமும் பயறும் ஒரே பாத்திரத்தில் சேருகின்றன. அதனை அவசரச் சமையல் என்று இகழ வேண்டா, நல்ல சமையலே.

மூன்றாவது, பால், மோர், முட்டை. நாமக்கல் முட்டை நாடெங்கும் செல்கிறது. நமது குழந்தைகளின் வட்டிலுக்கும் வரட்டும். பால் கறக்கும் குடும்பத்தில் சங்கத்துக்கு ஊற்றியது போக ஓர் ஆழாக்காவது வீட்டுக்கு நிற்க வேண்டும்.

எச்சரிக்கை மூன்று

இன்று பெல்லாக்ரா அரிதாகிவிட்டது. ஆயினும் மறைந்துவிடவில்லை. மூன்று இடங்களில் அது ஒளிந்து நிற்கிறது.

ஒன்று, மது. நாள்தோறும் குடிப்பவர் உணவைக் குறைக்கிறார். உண்டதும் உடலில் சரிவரச் சேர்வதில்லை. காட்டு வேலை செய்யும் ஒருவரின் கைகள் கறுத்து உரிவதை வெயிலின் வேலை என்றும், அவருடைய தடுமாற்றத்தைக் குடியின் வேலை என்றும் வீட்டார் எண்ணி விட்டுவிடக்கூடும். தோலும் வயிறும் மனமும் ஒருங்கே கெட்டிருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டு, காசநோய் மருந்து. ஐசோனியாசிட் என்னும் மருந்து ‘பி6’ சத்தின் வேலைக்கு இடையூறு செய்கிறது; அதனால் டிரிப்டோபன் நயாசினாக மாறுவது குறையலாம். இதனைக் கேட்டு எவரும் மருந்தை நிறுத்திவிடுதல் கூடாது. நிறுத்தினால் காசநோய் உயிரைக் கவரும். மருந்தைத் தொடர்ந்து உண்டு, நல்ல உணவும் உண்டு, தோலிலோ வயிற்றிலோ மாறுதல் கண்டால் மருத்துவரிடம் கூறுவதே முறை.

மூன்று, தறிக்குழியில் நாள் முழுவதும் அமர்ந்திருப்போர். வெயில் படும் தோலில்தான் இந்நோயின் அடையாளம் தெளிவாகத் தோன்றும். நிழலிலேயே இருப்பவரிடம் அது மங்கலாக இருக்கலாம். புண்ணான நாக்கும், நீங்காத வயிற்றுப்போக்கும், உறக்கமின்மையும் அவருக்கு முன்னறிவிப்பாகும்.

நோய் என்று மருத்துவர் கண்டுவிட்டால் சிகிச்சை எளிது. நிக்கோடினமைடு கொடுத்த சில நாட்களிலேயே நாக்கும் வயிறும் மனமும் தெளிவடையத் தொடங்கும். ஆனால் தாமாகவே மாத்திரை வாங்கி உண்ணலாகாது. நிக்கோடினிக் அமிலம் அளவு மிகுந்தால் முகம் சிவந்து உடல் எரியும். நெடுநாள் மிகுந்தால் ஈரல் கெடும். உணவில் கிடைக்கும் அளவினால் இத்தீங்கு வருவதில்லை.

முடிவாக

ஒருவர் தனியே நின்றால் இயலாததைப் பலர் சேர்ந்தால் இயலும் என்பதை நாம் சங்கத்தில் கற்றோம். தானியமும் அவ்வாறே. சோளம் தனியே நின்றால் குறையுடையது. பயறும் கடலையும் மோரும் சேர்ந்தால் நிறைவுடையது. சேமித்து வைக்க இயலாத இச்சத்தை நாள்தோறும் சேர்த்து அளிக்கும் பொறுப்பு நமது அடுப்படியிலும் நமது காட்டிலும் இருக்கிறது. வரும் ஆடிப்பட்டத்தில் சோளம் விதைக்கும் அன்பர்கள் சால் இடையே தட்டைப்பயற்றையும் விதைப்பார்களாக.

கூடிப் படிப்போர் விவாதிக்க

1. நயாசினை உடல் பெறும் இரு வழிகள் யாவை? பாலிலும் முட்டையிலும் நயாசின் குறைவாயிருந்தும் அவை ஏன் உதவுகின்றன?

2. நிலக்கடலையை ஆட்டும்பொழுது நயாசின் எங்கே செல்கிறது? நம் ஊரில் விளையும் கடலையில் எவ்வளவு வீட்டில் உண்ணப்படுகிறது?

3. சென்ற ஒரு வாரத்தில் நம் வீட்டில் தானியத்துடன் பயறு சேராத வேளைகள் எத்தனை? எண்ணிப் பார்த்து எழுதுக.